சக்கரத்துக்குள் ஒரு சத்தம்

செப்டம்பர் 8, திங்கள்

இன்றிலிருந்து எழுத வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பயம் வந்ததும் தேதி போட்டு எழுத வேண்டும். பிறகு அதன் கீழேயே அது நடந்ததா இல்லையா என்று எழுத வேண்டும். "நீங்களே ஒரு நாள் உக்காந்து படிச்சுப் பாருங்க சாந்தாமணி. உங்க பயத்துல எத்தனை பொய்னு தெரியும்" என்றார். நல்ல பொம்பளை. நான் உள்ளே அழுதுகொண்டிருந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் கார் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, ஆரம்பிக்கிறேன். பயம்: கேஸை மூடாமல் வந்துவிட்டேன். நடந்ததா: மூடித்தான் இருந்தது. பயம்: மகள் பிரவீணா போன் எடுக்கவில்லை, என்னமோ ஆகிவிட்டது. நடந்ததா: குளித்துக்கொண்டிருந்தாளாம், கோபித்துக்கொண்டாள்.

மூன்றாவது ஒன்று உண்டு. வீட்டுக்காரர் தினமும் பொள்ளாச்சியிலிருந்து வாத்தியார்களையும் டீச்சர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வால்பாறைக்குப் போகிறார். நாற்பது கொண்டை ஊசி வளைவு. மாலையில் அதே நாற்பதில் இறங்கி வருகிறார். மகளும் மேலேதான் இருக்கிறாள், எஸ்டேட் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை. இந்த மூன்றாவதை எழுதினால் பலித்துவிடுமோ என்று இருக்கிறது. எழுதவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

கோயம்புத்தூர் சகலை வண்டியை விற்கிறாராம். அதிலிருந்த அகலமான அலாய் வீல்களை இவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். இவர் நம் பழைய சக்கரங்களைப் பழைய டயர் கடையில் தள்ளிவிட்டு, புதுசை மாட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வந்து இறங்கினார்.

"எப்படி புள்ள இருக்குது?"

"பளபளன்னு இருக்குதுங்க" என்றேன். உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 12, வெள்ளி

அழகு ஒரு நாள்தான். வளைவில் திருப்பும்போது டயரின் உள்பக்கம் ஷாக் அப்சார்பரில் உரசுகிறதாம். மேலே போய்ச் சேர்வதற்குள் ரப்பர் தீய்ந்த வாடை வந்து, கணக்கு டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தாராம். பழைய சக்கரத்தைத் திருப்பிக் கேட்கப் போனார். அது அன்றைக்கே கைமாறிவிட்டது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

செப்டம்பர் 13, சனி

ஸ்பேசர் என்று ஒன்று வாங்கி வந்திருக்கிறார். தடித்த அலுமினிய வில்லை, ஐந்து ஓட்டை. முறுக்கு அச்சுக்குள் போடுகிற தட்டைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அதுதான். சக்கரம் மாட்டுகிற இடத்துக்கு ஹப் என்று பெயர். அதிலிருந்து ஐந்து ஸ்டட் விரல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் அதில் இந்த வில்லையைச் செருகி, அதன்மேல் சக்கரத்தைச் செருகி, நட்டை முறுக்க வேண்டும். வில்லையின் தடிப்பு அளவுக்குச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். உரசாது.

வாசலில் உட்கார்ந்து அவரேதான் மாட்டினார். நான் கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தேன். சகலை கொடுத்த சக்கரத்தை முதலில் மாட்டியபோது நட்டுக்கு வெளியே ஸ்டட்டின் முனை எட்டிப் பார்த்தது. இப்போது நட்டுக்குள் குனிந்து பார்த்தாலும் முனை தெரியவில்லை. நட்டு நாலு சுற்று சுற்றியதுமே இறுகி நின்றுவிட்டது.

சேலை கட்டுகிற யாருக்கும் இது தெரியும். கொசுவம் மொத்தத்தையும் சேர்த்து ஒரே ஊக்கால் குத்தினால் ஊக்கின் வாய் அரைகுறையாகத்தான் மூடும். பிடித்த மாதிரி இருக்கும். பஸ் ஏறும்போது விட்டுவிடும்.

"ஏனுங்க, நடுவுல இத்தனை தடிப்பு வெச்சா அந்தக் கம்பி எட்டுமுங்களா?"

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "காலைல மாத்திரை போட்டியா?"

போட்டிருந்தேன். அதைச் சொல்லாமல் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

பயம்: சக்கரம் கழன்றுவிடும்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினார். மாலை ஐந்தரைக்கு வண்டிச் சத்தம் கேட்கிறவரை நான் சாப்பிடவில்லை. நடந்ததா: இல்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

பயம்: அதே. நடந்ததா: இல்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லிவிடலாம். ஆனால் நாலு சுற்று என்பதை நான் கண்ணால் பார்த்தேனே.

செப்டம்பர் 17, புதன்

காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு சாதிக் பாய் கடைக்குப் போனேன். உடுமலை ரோட்டில் சக்கரம், ஹப், பிரேக் வேலை மட்டும் பார்க்கிறவர். பழைய டப்பாவிலிருந்து நம் வண்டி நட்டு ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு போயிருந்தேன்.

நான் சொன்னதைச் சிரிக்காமல் கேட்டார். அதற்கே எனக்குக் கண் கலங்கியது.

"நாலு சுத்துதானாம்மா? பத்தாது. கம்பி எவ்வளவு தடிமனோ அந்த அளவுக்காவது நட்டு உள்ள ஏறணும். இதுல எட்டு சுத்துக்குக் கொறையக் கூடாது. நாலு சுத்துல நிக்கிற நட்டு, மேட்டுல நிக்கும். பிரேக் அடிச்சு அடிச்சு எறங்குறப்ப கம்பியச் சுத்தி இருக்கிற மரை பிச்சுக்கும்."

"அப்ப என்ன பண்றதுங்க பாய்?"

"நீளமான ஸ்டட் போடணும். ஸ்பேசர் தடிப்பு எவ்வளவோ அவ்வளவு கூடுதல் நீளம்." ஒரு தட்டு நிறைய ஸ்டட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். எனக்கு எல்லாம் ஒன்றுபோல இருந்தன. என் நட்டை ஒன்றில் வைத்துச் சுற்றினார். இரண்டு சுற்று வழுக்கிக்கொண்டு போய்ப் பிடித்துக்கொண்டது. "பாருங்க, இது வேற மரை. போற மாதிரி போகும். நம்மாளுங்க ஸ்பேனரப் போட்டு ஏத்திருவாங்க. ரெண்டும் செத்துரும்." இன்னொன்றை எடுத்தார். நட்டு கடைசிவரை விரலாலேயே ஓடியது. "மரை இதுதான். ஆனா கழுத்துல பல்லுப் பல்லா இருக்குதே, இது ஹப்பு ஓட்டைக்குச் சரியா இறுகணும். பெருசுன்னா ஓட்டை வெடிக்கும், சிறுசுன்னா ஸ்டட்டே சுத்தும். வண்டியக் கொண்டாரச் சொல்லுங்க, அளந்துட்டுத்தான் தருவேன்."

காய் வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

செப்டம்பர் 18, வியாழன்

பெரிய சண்டை. கடைக்குப் போனது அவருக்குத் தெரிந்துவிட்டது. "இருபத்திரெண்டு வருசமா மலைல வண்டி ஓட்டறேன். என்ற பொண்டாட்டி போயி நட்டு வெவரம் கேட்டுட்டு வர்றா. ஊருக்குள்ள நான் எப்படி நடக்கறது?"

அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. குழம்பு வீணாகிவிட்டது.

செப்டம்பர் 22, திங்கள்

பிரவீணா போனில் அவரிடம் என்ன சொன்னாளோ தெரியாது. வெளியே போகும்போது செருப்பைப் போட்டபடியே சொன்னார். "பரீச்சை லீவு உடட்டும். அப்புறம் பாய்கிட்ட உட்டுப் பாக்கறேன். அதுவரைக்கும் என்ற உசுர எடுக்காத."

அதுவரைக்கும் இவர் உயிர் எனக்கு வேண்டாமா?

செப்டம்பர் 27, சனி

வேலை முடிந்தது. பாய் வண்டியை அளந்து பார்த்து, சரியான ஸ்டட் எடுத்து, பழையதைத் தட்டி வெளியேற்றி, புதுசை இறுக்கி ஏற்றினார். நானும் போயிருந்தேன். வீட்டுக்காரர் என்னைத் தெரியாதவர் மாதிரி தள்ளி நின்றுகொண்டார்.

மாட்டுவதற்கு முன்னால் பாய் ஹப்பைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்தார். வில்லையின் இரண்டு பக்கத்தையும் துடைத்தார். "ஹப்பும் ஸ்பேசரும் ஒட்டி உக்காரணும் தங்கச்சி. நடுவுல துளி மண்ணு இருந்தாலும் உக்காந்த மாதிரி இருக்கும், உக்காராது" என்றார். பிறகு டார்க் ரெஞ்ச்சைப் போட்டு முறுக்கினார். அது போதுமான இறுக்கம் வந்ததும் டிக் என்று ஒரு சத்தம் கொடுக்கிறது. ஒவ்வொரு டிக்குக்கும் என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. எட்டு சுற்றுக்கு மேலேயே போனது. நட்டுக்கு வெளியே ஸ்டட்டின் முனை எட்டிப் பார்த்தது.

"நூறு கிலோமீட்டர் ஓடுனதும் ஒருக்கா வாங்க. மறுபடி முறுக்கிப் பாக்கணும்."

"முறுக்கினத எதுக்குங்க மறுபடி முறுக்கறது?" என்று இவர் வண்டியில் ஏறினார்.

பயம்: சக்கரம் கழன்றுவிடும். நடந்ததா: இல்லை, இனி நடக்காது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பிரவீணா லீவு போட்டு வந்திருக்கிறாள். வீட்டில் இரும்பு என்று இருப்பதையெல்லாம் கழுவினோம். அரிவாள்மனை, கத்தி, கிரைண்டர், மிக்சி, தண்ணீர் மோட்டார். மிக்சிக்கு முன்னால் ஒரு பொட்டு, ஜாடி உட்காருகிற குழிக்குள் மூன்று பொட்டு வைத்தேன்.

இவர் வண்டியின் நாலு சக்கரத்தையும் கழற்றி வைத்து உள்ளே சேறு கழுவினார். வில்லைகள் தனியாக வரிசையாகக் கிடந்தன. இவர் டீ குடிக்கப் போனார். எனக்குத் தோன்றியது, எல்லோரும் பானெட்டிலும் கண்ணாடியிலும் பொட்டு வைக்கிறார்கள். சாமிக்கு அங்கே என்ன வேலை? ஆபத்து உள்ளே அல்லவா இருக்கிறது. சந்தனத்தை நன்றாகக் கெட்டியாகக் கரைத்து ஒவ்வொரு வில்லைக்கும் இரண்டு பக்கமும் பொட்டு வைத்தேன். பொட்டு என்ன, அப்பினேன் என்றே சொல்லலாம். ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். மாசாணியம்மா, இந்த விரல்களை விட்டுவிடாமல் பிடித்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன்.

இவர் வந்து மாட்டினார். எலுமிச்சம்பழம் நசுங்க வண்டி நகர்ந்தபோது கையெடுத்துக் கும்பிட்டேன். மனசு நிறைந்து கிடக்கிறது. இன்றைக்குப் பயம் என்று எழுத ஒன்றுமே இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. வண்டி மறுபடி மலையேறுகிறது. டாக்டரம்மா இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "பாருங்க, எல்லாமே இல்லை, இல்லைன்னுதான் இருக்கு." ராத்திரி மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். வெளியே வந்து சொன்னதும் வீட்டுக்காரர் பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். கல்யாணமான புதிதில் வாங்கிக் கொடுத்தது.

அக்டோபர் 9, வியாழன்

கொத்தமல்லி விதைத்தேன். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

அக்டோபர் 11, சனி

வண்டி வாசலில் திரும்பும்போது முன் சக்கரத்தில் டக் என்றது. ஒரே ஒரு தடவை. இல்லை, கேட்கவில்லை. டாக்டரம்மா இப்படி வரும் என்று சொல்லியிருக்கிறார். மாத்திரை குறையும்போது கொஞ்ச நாளைக்குப் பயம் திரும்பி வந்து எட்டிப் பார்க்குமாம். கண்டுகொள்ளக் கூடாதாம்.

அக்டோபர் 13, திங்கள்

பாய் கடையில் முறுக்கிப் பார்த்தாரா என்று கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். தேங்காய் பன் ஞாபகம் வந்தது. கேட்கவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் அவர் வண்டியை எடுக்கிற நேரத்துக்குச் சரியாக மிக்சியைப் போட்டுவிடுகிறேன். சட்னி கொஞ்சம் அதிகமாகவே அரைபட்டுவிடுகிறது. வேறு விசேஷம் இல்லை.

அக்டோபர் 16, வியாழன்

மிக்சி. சட்னி. நடந்ததா என்று எழுதப் பயமே எதுவும் இல்லை.

தாளிக்கிற கரண்டியைத்தான் இரண்டு தடவை கீழே போட்டுவிட்டேன். மாத்திரை குறைத்ததால் இருக்கும்.

அக்டோபர் 18, சனி

எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன். எழுதாவிட்டால் இது அடங்காது.

தீபாவளிக்குப் பிரவீணாவைக் கூட்டிவர அவர் மட்டும் காலையில் மலைக்குப் போனார். நான் முறுக்குக்குப் பொட்டுக்கடலை அரைக்க மிக்சியைப் போட்டேன். ஜாடி ஆடியது. நாலைந்து நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கடகடவென்று எகிறி மூடி பறந்து சுவரில் போய் அடித்தது. மாவு முகமெல்லாம். நிறுத்திவிட்டு ஜாடியைத் தூக்கிக் குழிக்குள் பார்த்தேன். நான் வைத்த சந்தனம். ஒரு பொட்டு இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் உதிர்ந்து பொடியாகக் கிடந்தன. ஜாடி அதன்மேல் ஏறி நின்றிருக்கிறது. பொடி உதிர உதிர ஆடியிருக்கிறது.

விரலால் தொட்டேன். மஞ்சள் பொடி விரலில் ஒட்டியது. துளி மண்ணு இருந்தாலும் உக்காராது தங்கச்சி.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

அவருக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பிரவீணாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பாய்க்கு அடித்தேன். சந்தனம் வைத்ததைச் சொன்னேன். "வண்டி எங்க இருக்குதோ அங்கயே நிக்கச் சொல்லுங்கம்மா. ஒரு அடி உருட்ட வேண்டாம். நான் ரெஞ்ச்ச எடுத்துட்டுக் கெளம்பறேன்" என்றார்.

நிறுத்தச் சொல்ல யாரிடம் சொல்வது? மலைக்குள் போன் எடுக்காது. அவர்கள் கிளம்பியிருப்பார்களா, எந்த வளைவில் இருப்பார்கள், இடதுபுறம் பள்ளமா வலதுபுறமா, பிரவீணா முன் சீட்டில்தானே உட்காருவாள். மாறி மாறி அடித்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் மூலை மூலையாக நடந்தேன். சாமி அறைக்குள் போகக்கூடப் பயமாக இருந்தது. போய் என்ன கேட்பது, நான் வைத்ததை நீ எடுத்துவிடு என்றா?

பிரவீணாவே கூப்பிட்டாள். "என்னம்மா, இத்தனை தடவை அடிச்சிருக்க? பாதி மலை எறங்கிட்டோம். டீக்கடையில நிறுத்தியிருக்கோம், அப்பா போண்டா திங்கறாரு."

"கண்ணு, வண்டிக்கிட்டப் போ."

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியாம்மா?"

"ஆமா கண்ணு, ஆரம்பிச்சுட்டேன். முன் சக்கரத்துல நட்டு இருக்குதில்ல, அதக் கையால தொட்டுப் பாரு. அம்மாவுக்காக ஒருக்கா."

அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. செருப்புச் சத்தம் கேட்டது. "சுடுதும்மா" என்றாள். துப்பட்டாவைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னேன்.

நான் கண்ணு, கண்ணு என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

"அம்மா." அவள் குரல் சின்னப் பிள்ளைக் குரலாகிவிட்டது. "கையிலயே சுத்துதும்மா."

அக்டோபர் 19, ஞாயிறு

நேற்று பாய் மேலே போனபோது நானும் கூடப் போனேன். வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வளைவுகளில் பள்ளத்தைப் பார்க்காமல். டீக்கடை வாசலில் பிரவீணா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். வீட்டுக்காரர் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். எழவில்லை.

பாய் சக்கரத்தைக் கழற்றினார். ஐந்தில் இரண்டு நட்டு ஸ்பேனர் இல்லாமலே வந்தன. வில்லையை எடுத்ததும் மஞ்சள் பொடி கொட்டியது. அங்கங்கே கறுத்துக் கட்டியாக நின்றது. சக்கரத்தின் ஓட்டை ஒன்று தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தது. பாய் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு துணியால் அந்தப் பொடியைத் துடைத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "நூறு கிலோமீட்டர்ல வரச் சொன்னேன். வரலீங்களே. அதான் லூசாயிருச்சு" என்று இவரிடம் சொன்னார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்படியே போயிருக்கும். இவரும் தலையை ஆட்டிவிட்டார்.

"சந்தனம் வெச்சது நானுங்க" என்றேன். "நீங்க டீ குடிக்கப் போனப்ப, உள்ள, ரெண்டு பக்கமும். உங்களையும் புள்ளயையும் நான்தான் கொல்லப் பார்த்தேன்."

அடிப்பார், இல்லை டீக்கடைக்காரர் முன்னால் கத்துவார் என்று நினைத்தேன். இவர் தரையைப் பார்த்தே பேசினார்.

"எனக்குத் தெரியும் புள்ள. முறுக்கறப்பவே மஞ்சளாப் பிதுங்குச்சு. தொடைக்கலாம்னு துணிய எடுத்தேன். அப்புறம் தொடைச்சா ஏதாச்சும் ஆயிருமோன்னு இருந்துச்சு. அப்படியே முறுக்கிட்டேன்." டயரில் ஒட்டிய மண்ணைச் சுரண்டினார். "ஒரு வாரமா ஸ்டியரிங் நடுங்குது. சத்தமும் கேட்டுச்சு. உன்றகிட்டச் சொன்னா மறுபடி மாத்திரை கூடிருமேன்னு சொல்லல. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு."

அவர் வாயில் பயம் என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் மாத்திரை கூடிவிடுமே என்று சத்தம் கேட்டதை அவர் சொல்லவில்லை. அவர் வாங்கிக் கொடுத்த பன்னுக்காக நான் சொல்லவில்லை. நடுவில் மகள் உட்கார்ந்து இறங்கி வந்திருக்கிறாள்.

பாய் எல்லாவற்றையும் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தார். நீள்வட்டமான சக்கரத்தைத் தூக்கி வேனில் போட்டுவிட்டு, தன்னோடு கொண்டுவந்திருந்த வேறு ஒன்றை மாட்டினார். டிக், டிக் என்று முறுக்கினார். மூன்று பேரும் நம் வண்டியிலேயே வீடு வந்தோம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்கு கொஞ்சம் கடிக்க முடியாமல் வந்திருக்கிறது. யாரும் குறை சொல்லவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

பாய் கடைக்கு இவரே போனார், நான் சொல்லாமலே. மறுபடி முறுக்கிப் பார்த்தாராம்.

அக்டோபர் 22, புதன்

டாக்டரம்மாவிடம் இந்த நோட்டைக் கொடுத்தேன். பதினெட்டாம் தேதியை இரண்டு தடவை படித்தார். நடந்ததா என்ற இடத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை. மாத்திரையை மாற்றவில்லை. "இனிமே இன்னொண்ணும் சேர்த்து எழுதுங்க. யார்கிட்டச் சொன்னீங்கன்னு" என்றார்.

அக்டோபர் 23, வியாழன்

காலை. சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். முன் கண்ணாடியில் ஒரு பொட்டு, நம்பர் பிளேட்டில் ஒரு பொட்டு. அதோடு சரி.

பிரவீணா பையோடு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இவர் குந்தி உட்கார்ந்து, பாயிடம் வாங்கி வந்த ரெஞ்ச்சை ஒவ்வொரு நட்டிலும் போட்டுப் பார்த்தார். டிக். டிக். நாலு சக்கரத்தையும் சுற்றி வந்துவிட்டு, எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"சாந்தா, நீயும் வந்து ஒருக்கா தொட்டுப் பாரு."

பக்கத்து வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டு நின்றார். பார்க்கட்டும். முந்தானையைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு நட்டையும் விரலால் பிடித்துத் திருகிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. கடைசிச் சக்கரம்வரை அவர் பொறுமையாக நின்றார்.

பயம்: அதே. யாரிடம் சொன்னேன்: அவரிடம், வண்டி கிளம்புவதற்கு முன்னால். "எனக்கும்தான்" என்றார். "போய்ட்டு வாங்க" என்றேன்.